ஏற்காட்டின் இருபது வளைவுகளிலும் ஸ்டியரிங் என் கையில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏற்காடு மலைமேல் காரை ஏற்றியது நான்தான். சென்னை குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் நான். லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. ஓட்டியதெல்லாம் முடிச்சூர் வீட்டிலிருந்து ஸ்கூல் வரை, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊர்ந்து ஊர்ந்துதான். வெளியூர் என்றால் சாவி என் கணவர் கைக்குப் போய்விடும். "ஜி.எஸ்.டி. ரோடு வேற, மலை ரோடு வேற" என்பார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், இந்தக் காலாண்டு லீவில் வாயைத் திறந்துவிட்டேன்.

"மலைல நான்தான் ஓட்டுவேன். இல்லன்னா நான் வரல."

"சரி, எந்த வழின்னு நீயே பாத்துச் சொல்லு. ஆனா நடுவுல முடியலன்னா சாவியக் குடுத்துடணும். அப்புறம் மலைப் பேச்சே எடுக்கக் கூடாது, ஓகேவா?"

ஓகே என்றேன். இரண்டு வாரம் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இரண்டு வழி. ஒன்று, அடிவாரம் வழியாக இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மெயின் ரோடு. இன்னொன்று குப்பனூர் வழி. அங்கே வளைவுகள் குறைவு. "குப்பனூர்ல போயேன், ஈஸி" என்றார் இவர். நான் மெயின் ரோட்டைத்தான் எடுத்தேன். புதிதாக ஓட்டுபவருக்கு வளைவின் எண்ணிக்கையைவிட ரோட்டின் அகலம் முக்கியம். குப்பனூர் ரோடு குறுகல். எதிரே ஜீப் வந்தால் பின்னால் போகவேண்டி வரும். மெயின் ரோட்டில் வண்டி நின்றுபோனாலும் உதவிக்கு ஆள் இருக்கும்.

சனிக்கிழமை காலை 4.30க்குக் கிளம்பினோம். உளுந்தூர்பேட்டையில் டிபன், அங்கிருந்து வலதுபக்கம் திரும்பினால் சேலம் ரோடு. 10.40க்கு அடிவாரம். அதுவரை 325 கிலோமீட்டர் இவர் ஓட்டினார். அங்கே இறங்கி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு இடதுபக்கம் வந்து உட்கார்ந்தார். பின்சீட்டில் எட்டாவது படிக்கும் மகள் வர்ஷினி, வளைவுகளை எண்ணும் பொறுப்பில்.

முதல் ஐந்து வளைவுகள் அட்டகாசம். ஆறாவதில் வளைவையே அடைத்துக்கொண்டு மேலிருந்து பஸ் இறங்கியது, ஏற்றத்தில் நின்றேன். ஏழிலும் அப்படியே. எட்டிலும் அப்படியே. எங்கள் ஊரில் மேம்பாலத்தில் டிராஃபிக் நின்றால் என்ன செய்வோம்? பிரேக்கைத் தொடாமல், க்ளட்ச்சைப் பாதி விட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்து, வண்டியை அந்தரத்தில் பிடித்து வைப்போம். அதையேதான் செய்தேன்.

"அம்மா, ஏதோ கருகுது!"

ஒன்பதாவது வளைவு தாண்டி அகலமான இடத்தில் ஓரங்கட்டினேன். பானெட் பக்கமிருந்து அப்படி ஒரு நாற்றம். அவசரமாக என்ஜினை அணைத்தேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த வேன் டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"மெட்ராஸ் வண்டிங்களா? நம்பரே பாக்க வேண்டாமுங்க, வாசனையே சொல்லுது. க்ளட்ச்லயே நிறுத்துனா கருகாம என்னங்க பண்ணும்? ஹேண்ட் பிரேக்னு ஒண்ணு வச்சிருக்கானே, அது எதுக்குங்க? அரை மணி நேரம் ஆறட்டும், போலாம்."

இவர் கையை நீட்டினார். "சாவி குடு."

எனக்கு வந்ததே கோபம்! "இந்தப் பாதி க்ளட்ச் வித்தைய பெருங்களத்தூர் மேம்பாலத்துல வச்சு எனக்குச் சொல்லிக் குடுத்தது யாருங்க?"

வேன் டிரைவர் டீ கிளாஸுக்குள் சிரித்தார். இவர் கை இன்னும் நீட்டியபடி இருந்தது.

"அப்பா, முடியலன்னாதான சாவி குடுக்கணும்? அம்மா முடியலன்னு சொல்லவே இல்லையே" என்றாள் வர்ஷினி. என் வயிற்றில் பிறந்தவள்!

முப்பத்தைந்து நிமிடம் காத்திருந்தோம். அடுத்த ஏற்றத்தில் நிற்க வேண்டி வந்ததும் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, க்ளட்ச்சை முழுதாக மிதித்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளிக் காலை எடுத்தேன். பஸ் போனதும் முதல் கியர். க்ளட்ச்சை மெல்ல விட, வண்டி முன்னால் உந்தியது. ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. அப்புறம் என்ன, பதினைந்து, பதினாறு, பதினேழு என்று வர்ஷினி கத்திக்கொண்டே வந்தாள். இருபதில் நானும் சேர்ந்து கத்தினேன். ஏரிக்கரையில் காரை நிறுத்தியபோது மணி 12.40. ஐயோ, எவ்வளவு சந்தோஷம்! சூடான மிளகாய் பஜ்ஜியை இவரே வாங்கிவந்து முதலில் என் கையில் கொடுத்தார்.

போகிறவர்களுக்கு: நெடுஞ்சாலையில் போக வர டோல் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய், எங்கள் சின்ன காருக்குப் பெட்ரோல் நாலாயிரத்து ஐநூறு. மலையடிவாரத்தை மதியத்துக்குள் அடைந்துவிடுங்கள். ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி; இறங்கும்போது நீங்கள் ஒதுங்குங்கள். நியூட்ரலில் இறங்கவே கூடாது; இரண்டாவது கியரிலேயே இருங்கள்.

ஞாயிறு காலை குப்பனூர் வழியாக இறங்கினோம். காபித் தோட்டங்களும் மேகமுமாக, அழகில் இதுதான் உசத்தி. முதல் நாள் வேண்டாம் என்ற அதே குறுகல் ரோடு, அதுவும் நான்தான் ஓட்டினேன். மூன்றாவது திருப்பத்தில் எதிரே ஜீப் வர, ஓரமாக ஒதுக்கி வழிவிட்டுவிட்டு, "எப்படி?" என்று பெருமையாக இடதுபக்கம் திரும்பினேன். இவர் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அப்பாவ எழுப்பட்டுமாம்மா?"

"வேணாம்டி. தூங்கட்டும்" என்று கியரை மாற்றினேன்.