ஹாலுக்குள் அடங்காத பூமி

பள்ளிக்கூடத்தில் அவளை எல்லோரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்கு முன் பதினோரு வருஷம் லேத் பட்டறையில் அளவு பார்க்கும் வேலை. மயிரிழை கூடினாலும் உருப்படியைத் தூக்கித் தனியே வைத்துவிடுவாள். முதலாளி எவ்வளவு குதித்தாலும் சரி.

இங்கே லேபை ஒட்டிய சாமான் அறையை நச்சரித்து வாங்கினாள். பிள்ளைகளோடு தண்ணீர் ராக்கெட் விடுவதும், முட்டை உடையாமல் பாராசூட்டில் இறக்குவதும், கிரகங்களின் தூரத்தை வகுத்துப் பார்ப்பதுமாக நான்கு வருஷம் அங்கே ஓடியது. இப்போது அந்த அறை தேர்வுப் பயிற்சிக்கு வேண்டும் என்றார்கள்.

"நாளைக்கு அதிகாரி வர்றார். சூரியக் குடும்பம் ஹாலுக்குள்ள அழகா நிக்கணும். அவருக்குப் பிடிச்சா ரூம் உனக்கு, இல்லேன்னா சாவி எனக்கு" என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

ஹாலின் நீளம் இருபது மீட்டர். சூரியனாக ஒரு கால்பந்து. பூமியாக ஒரு கசகசா, பன்னிரண்டாவது மீட்டரில். செவ்வாய் வரை ஹாலுக்குள் அடங்கிவிடும், மற்றதெல்லாம் தெருவில். கணக்கு லேப் அக்காவுடையதுதான்.

ஏழாம் வகுப்பில் கொசு என்று ஒருத்தி. காதோரம் ஓயாமல் தொணதொணப்பதால் வந்த பெயர். அவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, பந்தோட ஆரத்தை எடுத்து சூரியனோட விட்டத்துக்குச் சமம்னு போட்டிருக்கீங்க."

"போடி. நானா?"

"நீங்கதான். கையெழுத்தப் பாருங்க."

பார்த்தாள். காது சிவந்தது. எல்லாம் இரண்டு மடங்காக வேண்டும். பூமி கசகசா இல்லை, கடுகு. அதன் இடம் இருபத்துநாலாவது மீட்டர். ஹால் கதவைத் தாண்டி, தண்ணீர்க் குழாயடி. கரும்பலகையில் தன் தப்பைத் தானே எழுதி, கீழே கையெழுத்தும் போட்டாள்.

தலைமையாசிரியை தலையில் கைவைத்துக்கொண்டார். "பழைய இடத்துலயே இருக்கட்டும். அவரென்ன டேப்போடவா வரப்போறார்?"

"எங்கிட்ட டேப் இருக்கே, மேடம்."

"ரூம் போயிடும், பாத்துக்கோ."

"போகட்டும். தப்புன்னு தெரிஞ்ச அளவ நான் பாஸ் பண்ண மாட்டேன்."

மறுநாள் அதிகாரி ஹாலுக்குள் ஒரு சுற்று சுற்றினார்.

"பூமி எங்கம்மா?"

"வெளில சார். நெப்டியூனைப் பாக்கணும்னா எழுநூத்திப் பதினோரு மீட்டர் நடக்கணும். பஞ்சர் கடைக்கிட்ட இருக்கு."

கொசு களுக்கென்று சிரித்தாள். அதிகாரி குழாயடி வரை வந்து, குனிந்து, அட்டையில் ஒட்டியிருந்த கடுகைப் பார்த்தார். "இவ்ளோதானா?" என்றவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காரில் ஏறினார்.

கார் வாசலைத் தாண்டுமுன் தலைமையாசிரியையின் கை நீண்டது. லேப் அக்கா சாவியைக் கொடுத்தாள். டேப்பைக் கொடுக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பள்ளி விட்டதும் லேப் அக்காவோடு பன்னிரண்டு மாணவிகள் குழாயடியில் கூடினார்கள். முப்பது மீட்டர் டேப்பை மாற்றி மாற்றிப் போட்டு, சாக்பீஸால் கோடு கிழித்துக்கொண்டே தெருவோடு போனார்கள். சைக்கிள்காரர்கள் திட்டினார்கள். டேப் இருபத்துமூன்றாம் தடவை விழுந்தபோது பஞ்சர் கடைக்காரர் வெளியே வந்தார்.

"என்னம்மா, உங்க ரூமப் பூட்டிட்டாங்களாமே? இன்னும் என் கடையிலதான் வந்து முடியுதா?"

"ஆமாண்ணே," என்றாள் லேப் அக்கா. "அந்த டயரக் கொஞ்சம் தள்ளி வைங்க. நெப்டியூன் மேல கெடக்கு."