அம்மா சுட்ட அச்சு முறுக்கும் நான் சொன்ன பழியும்

இந்தத் தையோடு அம்மாவுக்கு ஓராண்டு ஆகிறது என்று அண்ணன் சொன்னபோது எனக்குத் திக்கென்றது. அம்மா இல்லை என்பதே இன்னும் எனக்குப் பழகவில்லை. காய்ச்சல் இல்லை, படுக்கை இல்லை. காலையில் உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்தார். அண்ணி ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெருமுக்கலில் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி ஆள் வந்து சொன்னபோது, "யாரோட அம்மா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் என் புத்தி வேலை செய்தது.

அம்மா பிறந்தது பொம்மையார்பாளையத்தில். பதினேழு வயதில் மரக்காணத்துக்கு வாழ வந்தார். அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. மழை விழுந்தால் அளத்தில் வேலை நின்றுவிடும். தீபாவளியோ சரியாக அந்த மழையில்தான் வரும். கையில் காசில்லாத அந்த மாதத்திலும் அம்மா அச்சு முறுக்கு சுடாமல் இருந்ததில்லை. ரேஷன் சர்க்கரையைத் தம் காப்பியில் போட்டுக்கொள்ளாமல் அதற்காகச் சேர்த்து வைப்பார். அப்பா காலமான பிறகு தாமே அளத்துக்குப் போய் உப்புச் சுமந்து எங்கள் இருவரையும் ஆளாக்கினார். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் வீட்டில் அதற்கு நான் இருந்தேன்.

முறுக்குப் பக்குவம் அம்மாவின் தாய்வீட்டுப் பக்குவம். ஊறவைத்து இடித்த பச்சரிசி மாவு, சர்க்கரை, முட்டை, தண்ணீர் விட்டுப் பிழிந்த தேங்காய்ப்பால், கொஞ்சம் எள். காய்ந்த எண்ணெயில் அச்சைச் சூடேற்றி, மாவில் முக்கால் பாகம் முக்கி, மறுபடி எண்ணெயில் வைத்து உதறினால் பூவாகக் கழன்று விழும். கல்யாணமாகிப் பெருமுக்கல் போனபோது இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் போனேன். அங்கேயும் பூவாகத்தான் கழன்றது. ஆனால் வாயில் போட்டால் வெறும் தித்திப்பு. இரண்டாவது கடியில் திகட்டியது. சர்க்கரையைக் குறைத்தேன், முட்டையைக் கூட்டினேன், ஒன்றும் சரிவரவில்லை. நான் போன பிறகு அம்மா வீட்டுக்கு மருமகளாக வந்த அண்ணியோ முதல் தீபாவளிக்கே அம்மா கைப்பக்குவத்தில் சுட்டுவிட்டார்.

எமர்ஜென்சி வந்த வருடத் தீபாவளி. அண்ணி சுட்டதை ஒரு கடி கடித்துவிட்டு எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"மருமவளுக்குச் சொல்லியிருக்கே, பெத்த பொண்ணுக்குச் சொல்லலை. இன்னாத்தம்மா ஒளிச்சு வச்சிருக்கே?"

"உங்கிட்ட ஒளிக்கறதுக்கு எங்கிட்ட இன்னாடி இருக்குது? இருக்கறதே அஞ்சு சாமான். எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதான் என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அதோடு நின்றேனா? கல்யாணம், காதுகுத்து என்று போன இடமெல்லாம் சொன்னேன். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் என் வாயால் அதைக் கேட்டவர்கள். மறு தீபாவளிக்கு என்னை அழைக்க அம்மாவே பெருமுக்கல் வந்தார். நான் போகவில்லை. அடுத்த தையில் சைக்கிளில் ஆள் வந்தது.

பதினாறாம் நாள் படையலுக்கு அச்சு முறுக்கு வேண்டும் என்றார்கள். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அன்றைக்கும் அண்ணி எதைப் போடுகிறார் என்று பார்க்கத்தான் அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். "நீயே செய்ம்மா, நான் தொடலை" என்று எழுந்துவிட்டார். அரிசி ஊறவைத்ததிலிருந்து கடைசி முறுக்கு வரை எல்லாம் நானே. அரிசியும் முட்டையும்கூட நான் பெருமுக்கலிலிருந்து கொண்டு வந்தவை. படைப்பதற்கு முன் ருசி பார்க்கக் கூடாது என்பதால் வாயில் வைக்கவில்லை.

மறுநாள் படைத்துக் காக்கைக்கு வைத்த பிறகு ஒன்றை எடுத்துக் கடித்தேன். அம்மா சுட்டதேதான். வாய் உலர்ந்து தண்ணீர் தேடினேன். குடிக்கப் பிடித்து வைத்த தெருக்குழாய்த் தண்ணீர் வந்தவர்களுக்கே தீர்ந்திருந்தது. சமையலுக்கு இறைத்து வைத்த கிணற்றுத் தண்ணீரை மொண்டு ஒரு வாய் குடித்தேன்.

"அண்ணி, தண்ணி கரிக்குதே?"

"நம்ம கெணத்துத் தண்ணி எப்பவும் இப்படித்தானேம்மா."

அந்தத் தண்ணீரில்தான் அரிசி ஊறியது, அதில்தான் தேங்காய்ப்பால் பிழிந்தேன். பெருமுக்கல் கிணறு நல்ல தண்ணீர். உப்பளத்துக்காரர் வீட்டில் பிறந்து, இனிப்புக்கு ஒரு சிட்டிகை உப்பு வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. போன புதிதில், அம்மா வீட்டுப் பழக்கத்தில் உப்பில்லாமல் உலை வைத்ததற்கு, உலைக்கு உப்புப் போடத் தெரியாதவள் என்று மாமியார் என்னைக் கேலி செய்ததுகூட அப்போதுதான் உறைத்தது. அந்தத் தண்ணீரிலேயே வாழ்ந்த அம்மாவுக்கும் அது தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்லுவார்?

அண்ணியிடம் சொன்னேன். அவர் மிச்ச முறுக்கை டப்பாவில் அடுக்கி மூடினார். பிறகு, "நீ கோச்சிக்கினு போனப்புறம் அத்தை நாலஞ்சு வாட்டி சுட்டுப் பார்த்தாங்க. எம்பொண்ணுக்கு எதையாவது சொல்லாம வுட்டுட்டனான்னு கேட்டுக்கினே இருந்தாங்க. பொம்மையார்பாளையம் போய் அவங்க அண்ணிகிட்டகூட விசாரிச்சிட்டு வந்தாங்க" என்றார். இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

அளத்து வேலையை விட்டுவிட்டு வந்து அம்மாவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும், மூன்று நாளும் எங்களுக்குச் சோறு அனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும், பதினாறு நாளும் கூட இருந்த சொந்தங்களுக்கும் அண்ணன் சார்பிலும் என் சார்பிலும் நன்றி. அண்ணியிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அம்மாவிடம் கேட்க வழியில்லை, அதனால் உங்களிடம் கேட்கிறேன். பெற்ற மகளிடம் அம்மா ஒளித்தார் என்று நான் சொன்னபோது நம்பினீர்கள். ஒளிக்கவில்லை என்று அதே வாயால் சொல்கிறேன். தயவுசெய்து இதையும் நம்புங்கள்.