ஈர்க்குச்சியில் அளந்த கால்

அது தொண்ணூற்றொன்றாம் வருடம். மஸ்கட்டில் இரண்டு வருடம் ஏ.சி. மெக்கானிக்காக வேலை பார்த்துவிட்டு, ஒரு மாத லீவில் சிட்லபாக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்திருந்தேன். நான் கிளம்பிப் போனபோது என் மகளுக்கு ஒரு வயது. அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தாள். ஷூ வாங்க அளவு வேண்டுமே என்று, தூங்கிக்கொண்டிருந்தவளின் பாதத்தில் ஒரு ஈர்க்குச்சியை வைத்து அளந்து, ஒடித்து, பர்ஸில் போட்டுக்கொண்டு போனேன்.

அங்கே ரூமில் என்னைக் கிண்டல் பண்ணாத ஆளில்லை. "இன்னா மச்சான், பல்லு குத்தறதுக்கா?" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பாஸ்போர்ட்டைவிடப் பத்திரமாக அந்தக் குச்சியை வைத்திருந்தேன்.

லீவு கிடைத்ததும் கடைக்குப் போய், குச்சிக்கு மேல் ஒரு விரல்கடை கூட்டிவைத்து, சிவப்பாக ஒரு ஷூ வாங்கினேன். ஒவ்வொரு அடிக்கும் கீச் கீச் என்று சத்தம் போடும். வளர்கிற கால்தானே, கணக்குச் சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரே பெருமை.

வீட்டுக்கு வந்தால், மகாராணி தன் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, யாரு இந்த அங்கிள்?" என்று கேட்கிறாள். தினமும் போட்டோவில் பார்த்த அப்பா வேறு, வாசலில் பெட்டியோடு நிற்கும் ஆள் வேறு அவளுக்கு. சிரித்து மழுப்பினேன். உள்ளுக்குள் அழுகைதான்.

ஷூவைப் பார்த்ததும் கொஞ்சம் கிட்டே வந்தாள். போட்டால் குதிகால் முழுக்க வெளியே நிற்கிறது. "குச்சி வளருமாங்க?" என்றாள் என் மனைவி. கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை.

மகளுக்கோ அந்தக் கீச் சத்தத்தை விட மனசில்லை. ஷூவின் பின்பக்கத்தை மிதித்து மடக்கி, செருப்பு மாதிரி இழுத்துக்கொண்டே வீட்டைச் சுற்றினாள். மறுநாள் நர்சரிக்கும் அதையேதான் போடுவேன் என்று அடம். மனைவி கூடாது என்றாள். "ஒருநாள் போட்டுட்டுப் போகட்டும், விடு" என்றேன் நான். என் கையால் வாங்கி அவள் ஆசைப்பட்ட ஒரே பொருள் அதுதான், எப்படிப் பிடுங்குவது?

நர்சரி, அடுத்த தெருவில் ஒரு வீட்டுக் காம்பவுண்டுக்குள் நடந்தது. மணலில் ஒரு ஊஞ்சல், ஒரு இரும்புச் சறுக்குமரம். விட்டுவிட்டு வர மனம் வராமல் நானும் சறுக்குமரம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். மற்ற பிள்ளைகளோடு அவளும் ஏணியில் ஏறினாள். மேல்படிக்குப் போனபோது ஷூ காலை விட்டு நழுவியது. வழவழவென்றிருந்த அடிப்பாகம் இரும்பில் வழுக்க, ஐயோ, ஒரு கையில் தொங்குகிறாள்! எப்படிப் பாய்ந்தேன் என்று எனக்கே தெரியாது. பிடி விட்டதும் என் மேல்தான் விழுந்தாள். இரண்டு பேரும் மணலில் கிடந்தோம். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அவளை இறுக்கி அணைத்தேன். அவளோ இரண்டு கையாலும் என்னைத் தள்ளிவிட்டு, "அங்கிள் வேணாம்! மிஸ்கிட்ட போறேன்!" என்று கதறினாள். முதுகில் பட்ட அடியெல்லாம் ஒன்றுமே இல்லை. அந்த வார்த்தைதான் வலித்தது.

டீச்சர் அவளைத் தூக்கிச் சமாதானப்படுத்திவிட்டு என்னிடம் சொன்னார்: "சார், விளையாடற குழந்தைக்குப் பின்னாடி ஸ்ட்ராப் வெச்சதா வாங்கிப் போடுங்க. அடியில வழுக்காம கோடு கோடா இருக்கணும், கையால வளைச்சா வளையணும். இதை ஷோகேஸ்ல வைங்க."

சாயங்காலமே மூன்று பேரும் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு செருப்புக் கடைக்குப் போனோம். "கொழந்தைக்கு இன்னா சைஸ் சார்?" என்றார் கடைக்காரர். பழக்கதோஷத்தில் என் கை பர்ஸுக்குப் போய்விட்டுத் திரும்பியது. "தெரியலைங்க. காலையே கூட்டிட்டு வந்துட்டேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே நாலைந்து ஜோடியை எடுத்துப் போட்டார்.

மனைவி ஒரு ஜோடியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து, இன்னொரு சாண்டலைப் பிரித்து வைத்து, "காலைத் தூக்கும்மா" என்றேன். தூக்கினாள். ஒற்றைக் காலில் நிற்க முடியாமல் தள்ளாடினாள். பிடித்துக்கொள்ள அம்மா பக்கத்தில் இல்லை. சட்டென்று இரண்டு கையையும் என் தலைமேல் வைத்து, முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

நான் அசையவே இல்லை. குச்சியாக இருந்த கால் என் உள்ளங்கையில் சூடாக இருந்தது. நுனியில் கட்டைவிரல் இடிக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். பக்கிளைப் போட்டேன், கழற்றினேன், மறுபடி போட்டேன். "ஏங்க, ஒரு பக்கிள் மாட்ட இவ்வளவு நேரமா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. இன்னொரு தடவை கழற்றி மாட்டினேன்.

நடந்து பார்த்த மகள் முகத்தைத் தொங்கப்போட்டாள். "அங்கிள், சத்தம் வரலையே?" என்றாள். அவ்வளவுதானே! அவள் எடுத்து வைத்த ஒவ்வொரு அடிக்கும் நானே வாயால் கீச் கீச் என்றேன். தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, அவள் குதித்துக் குதித்து நடந்தாள்.

லீவு முடிந்து மீனம்பாக்கத்தில் விமானம் ஏறப் போனபோது, "கீச் கீச் அப்பா, எப்ப வருவ?" என்றாள். அதற்குப் பிறகும் பல வருடம் அங்கேதான் ஓட்டினேன். அவள் காலுக்கு எத்தனையோ ஷூ வந்து போயின. அவற்றில் ஒன்றைக்கூட நான் மாட்டிவிட்டதில்லை.

இப்போது அவளுக்கே கல்யாணமாகி, தூரதேசத்தில் இருக்கிறாள். ஆனாலும் செருப்புக் கடையில் ஏதாவது ஒரு குழந்தை ஒற்றைக் காலில் தள்ளாடுவதைப் பார்த்தால், பிடிக்க முடியே இல்லாத இந்த வழுக்கைத் தலை இன்றைக்கும் தானாகக் குனிந்துவிடுகிறது.