கருப்பனுக்கு நேர்ந்த பஞ்சாரம்

பொரிக்கப் போகிற முட்டையைக் காதோரம் பிடித்தால், உள்ளேயிருந்து மெல்லக் கொத்துகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. பேரையூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டை ஒட்டி எங்கள் வீடு. மணல் பரப்பிய கூடையில் முட்டைகளை வைத்து, இடி இடித்தால் கூமுட்டையாகிவிடும் என்று ஓரத்தில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் செருகி, எங்கள் செவலைக் கோழியை அம்மா அடை வைப்பாள். குஞ்சு பொரித்துவிட்டால் பொறுப்பு முழுக்க என்னுடையது. கம்பு நொய் இறைப்பதும், சாணியும் கந்தலும் திணித்த கலயத்தைக் காட்டில் கவிழ்த்துவைத்து, விடிந்ததும் அதில் ஏறியிருக்கும் கறையானைக் குஞ்சுகளுக்குத் தீனியாக உதறிப் போடுவதும், பருந்து வட்டமிட்டால் தொண்டை கிழியக் கத்துவதும், 'பஞ்சாரம்' என்கிற கூடையைக் கவிழ்த்துத் தாயையும் பிள்ளைகளையும் மூடுவதும் நானேதான். வேறு யாரையும் அந்தக் கோழி அண்ட விடாது என்பதில் எனக்கு ஏகப் பெருமை.

அது வெள்ளைக்காரன் காலம். துரை ஒருவர் முகாம் வந்தால் கோழியும் பாலும் ஊர்தான் கொடுக்க வேண்டும். ஏன் என்று கேட்கிற தைரியம் யாருக்கும் கிடையாது. குஞ்சு பொரித்த கொஞ்ச நாளில் அப்படி ஒரு முகாம் வந்தது. ஊரில் சர்க்கார் ஏவல் பார்க்கும் தலையாரி மாமா நேராக எங்கள் முற்றத்துக்கு வந்து பஞ்சாரத்தைத் தூக்கக் குனிந்தார். நான் ஓடிப்போய் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"எந்திரி புள்ள. ஊருல அம்புட்டுக் கோழியும் காட்டுல மேயுது. இது ஒண்ணுதான் கைக்கு ஆப்புடுது."

"குடுத்துத் தொலடி. துரையோட மல்லுக்கட்ட நம்மால ஆகுமா?" என்று அம்மா நடுங்கினாள்.

தாய் போனால் இறகு முளைக்காத குஞ்சுகள் குளிரில் விறைத்துச் செத்துப்போகும். அந்த வாய் எனக்கு எங்கிருந்து வந்ததோ, "இது கருப்பனுக்கு நேந்துவிட்டது மாமா! தொட்டா வெளங்க மாட்டீக!" என்று கத்தினேன்.

தலையாரியின் கை சட்டென்று பின்வாங்கியது. காவல் தெய்வத்துக்கு நேர்ந்ததைத் தொட எங்கள் பக்கத்தில் எவனுக்கும் துணிச்சல் வராது. ஆனால் மனிதர் விவரமானவர். சற்று யோசித்துவிட்டுச் சிரித்தார்.

"அடியே, கருப்பனுக்கு எவளாச்சும் பொட்டக் கோழிய நேருவாளா? சேவலையில்ல குடுக்கணும்!"

வசமாக மாட்டிக்கொண்டேன். அதற்காக விட்டுவிடுவேனா?

"நான் நேந்தது சேவலத்தான். இந்தக் குஞ்சுல எது சேவல்னு சொல்லுங்க பாப்போம்! அது தெரியிற வரைக்கும் அம்புட்டும் கருப்பனோடது. ஆத்தாக்காரி இல்லாம அதுக செத்துச்சுன்னா, கருப்பன் ஒங்களத்தான் கேப்பான்."

பொரித்த கையோடு சேவல் எது, பொட்டை எது என்று யாரால் சொல்ல முடியும்? "பொண்ணா இது, பிசாசு" என்று முனகிக்கொண்டே மாமா அடுத்த தெருவுக்கு நடந்தார். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். வலித்தது, ஆனால் நான் அழவில்லை.

சாமிக்கு வாக்குக் கொடுத்தாயிற்றே என்று அம்மாவுக்குத்தான் தூக்கம் போயிற்று. எது கூவும், எதை வெட்டலாம் என்று குஞ்சுகளைத் தினமும் பார்த்துக்கொண்டே இருந்தாள். வளர்ந்ததில் ஒன்றுகூடக் கூவவில்லை; அத்தனையும் பொட்டை! கருப்பன் என் கட்சி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இப்போது டவுனுக்குள், செல்லூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். முற்றமும் இல்லை, பஞ்சாரமும் இல்லை. மெஷினில் பொரித்த குஞ்சுகளுக்குப் பச்சையும் ரோஸும் சாயம் ஏற்றி, ஒருவன் சைக்கிளில் சந்து சந்தாக விற்றுப் போகிறான். எட்டிப் பார்த்தால் பெட்டி நிறையக் குஞ்சு. தாய் மட்டும் இல்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும்.

"இந்த வயசுலயாச்சும் ஒரு சேவல வாங்கிக் கருப்பனுக்குக் குடுத்துருங்க அத்தை" என்கிறாள் மருமகள். மாட்டேன். நான் நேர்ந்தது அந்தப் பஞ்சாரத்துச் சேவலை. அது பிறக்கவே இல்லை. அதையும் மீறிக் கருப்பன் வந்து கேட்டால், இந்தச் சாயக் குஞ்சுகளைக் காட்டி, "இதுகளோட ஆத்தாளை எவன்டா தூக்கிட்டுப் போனான்? அப்ப நீ எங்க போன?" என்று நான் கேட்பேன்.