பட்டைத் தண்ணீரில் ஊறிய பாட்டுக்கதை

அந்தப் பாட்டுக்கதைப் புத்தகத்தை என் தங்கை பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தாள். நான் நாலாவதோடு நின்றவன். ஆம்பூரில் தோல் கிடங்கு வேலை. பிள்ளைகளுக்கு எழுதின பாட்டுதானே, கேலி பண்ணலாம் என்று பிரித்தேன். அப்பாவைத் தேடி ஒரு சிறுமி தனியாக ஓடத்தில் போகிற கதை.

“நம்ம பாலாத்துல விட்டிருந்தா ரெண்டாம் பக்கத்துலயே மணல்ல தட்டி நின்னுருக்கும்” என்றேன். தங்கை முறைத்தாள்.

மறுநாள் அவளுக்குத் தெரியாமல் அதைக் கிடங்குக்கு எடுத்துப்போனேன். சாய்வு மரத்தில் தோலைப் போட்டு முடி சுரண்டும்போது கைக்கு ஒரு தாளம் வேண்டும்; யாராவது எதையாவது பாடிக்கொண்டே இருப்பார்கள். அந்த வாரம் மதியச் சோற்றுவேளையில் படித்ததை அப்படியே பாடிச் சுரண்டினேன். பக்கத்து மரத்து சாயபு நண்பன் தினமும் கேட்பான்: “அப்பறம் இன்னா ஆச்சுடா அந்தப் பொண்ணுக்கு?” எனக்கோ காலுக்கடியில் ஆறு ஓடுவது போலிருந்தது. தோல் ஊறிய சுண்ணாம்பு நாற்றம்கூட எங்கோ அக்கரையில் கிடந்தது.

கடைசிப் பக்கத்தை முடித்த மதியம் மேஸ்திரி வந்துவிட்டார். வேறு எவனாக இருந்தாலும் புத்தகத்தை இடுப்பில் செருகியிருப்பான். நான், தோல் பதமாக ஊறுகிற ஆவாரம்பட்டைத் தண்ணீரிலிருந்து எடுத்து அடுக்கிய தோல்களுக்கு நடுவே செருகினேன். சாயங்காலம் உருவினால் கடைசி நாலு தாளும் ஒட்டிப் பழுப்பேறி, செருப்புத் தைக்கிற பதத்தில் இருந்தன.

தங்கை அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“முழுசா குடுத்தாதான் அடுத்த புக்கு. இல்லன்னா லைப்ரரி நோட்டுல என் பேரை அடிச்சிடுவாங்க. நான் இன்னும் கடைசியே படிக்கல, அண்ணா.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஆற்று மணலில் உட்கார்ந்தோம். நான் சுரண்டுகிற மாதிரி கையை இழுத்து இழுத்துச் சொல்ல, அவள் காகிதத்தில் பென்சிலால் எழுதினாள். நாலு தாளில் இருந்ததும் வந்தது, எனக்கே ஆச்சரியம். ஓடம் நடு ஆற்றுக்கு வந்த இடத்தில் மட்டும் ஒரு வரி தொலைந்துபோயிருந்தது. கானல் நெளிகிற மணலைப் பார்த்துக்கொண்டே, ‘கரைதான் நகர்ந்தது, ஓடம் உறங்கியது’ என்றேன்.

பென்சில் நின்றது.

“இது நீ கட்டினது.”

“புக்குல இருக்கறதுதான்.”

“பொய். இதுக்கு மட்டும் உன் குரல் கம்மியாயிடுச்சு.”

ஆனாலும் எழுதினாள். அப்பா தோணித்துறையில் காத்து நிற்கிற கடைசி அடி வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுதினாள். நானும் கேலி பண்ணவில்லை.

திங்கட்கிழமை அந்தத் தாள்களை ஒட்டி, நடந்ததை ஒளிக்காமல் டீச்சரிடம் சொல்லிவிட்டாளாம், அந்த ஒரு வரி உட்பட. அடுத்த புத்தகத்தோடு வீடு திரும்பினாள். வேலூரிலிருந்து வேறு பிரதி வரும்வரை அந்த வரி அங்கேயே இருக்கட்டும் என்றாராம் டீச்சர்.

அந்தப் பிரதி வரவே கூடாதென்று ரொம்ப நாள் வேண்டிக்கொண்டிருந்தேன்.