ஷார்ஜாவில் ஒரு நடு அறை

கல்யாணமாகி மூன்றாம் வருடம் எங்கள் ஊரான புதுமடத்திலிருந்து ஷார்ஜாவுக்குப் போனேன். பால்கனி வைத்த வீடு பார்த்திருப்பதாகக் கணவர் போனில் சொல்லியிருந்தார். விமான நிலையத்திலிருந்து வரும் வழியில்தான், அந்த வீட்டில் இருப்பவர்கள் இன்னும் காலி செய்யவில்லை என்றார். அதுவரை தங்க ஓர் அறை.

ஒரு வீட்டின் கூடத்தைப் பிளைவுட் பலகையால் தடுத்து மூன்று அறைகளாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். எங்களுடையது நடுவில். கட்டில் போட்டதுபோகத் தொழுகைப் பாய் விரிக்க மட்டும் இடமிருந்தது. கணவர் என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

மறுநாள் உம்மா வீடியோ காலில் வந்தார்கள்.

"சன்னல் எங்கன இருக்கு? காட்டு, பாப்பம்."

"சன்னல் இல்ல உம்மா."

"காத்து வருதா?"

"ஏசி இருக்கு."

"அப்பச் சரி" என்றார்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

கணவர் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். பகலிலும் விளக்கெரிந்தது. பள்ளிவாசல் பாங்கு கேட்டால்தான் மதியமாகிவிட்டது தெரியும். ஒருநாள் பொதுச் சமையலறையில் மீன் பொரித்தேன். பக்கத்து அறையில் தனியாக இருந்த பெண் வந்து, மூக்கைக் காட்டிக் கெஞ்சுவதுபோல் கைகூப்பினாள். அவள் பேசிய இந்தி எனக்குப் புரியவில்லை. அதன்பிறகு மீன் வாங்கவில்லை. எதிரெதிரே வந்தால் இருவரும் ஒதுங்கிப் போனோம்.

கடும் வெயிலில் ஒரு மத்தியானம் கட்டடம் முழுக்க கரண்ட் போனது. பலகைகளுக்கு நடுவே மூச்சு முட்டிற்று. படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து அறைப் பெண்ணும் வந்தாள். காய்ச்சலில் வேலைக்குப் போகாமல் இருந்திருக்கிறாள், கண்கள் சிவந்திருந்தன. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். குடித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தவள், அப்படியே என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அந்த ஊருக்கு வந்தபிறகு கணவரைத் தவிர யாரும் என்னைத் தொட்டதில்லை. கரண்ட் வந்தும் நான் அசையவில்லை. விழித்ததும் கூச்சத்தோடு என் துப்பட்டாவைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனாள்.

"கரண்ட் போச்சாமே, கஷ்டமா இருந்துச்சா?" என்றார் கணவர், ராத்திரி.

"இல்லங்க" என்றேன். துப்பட்டாவை மடித்து வைத்தேன்.

கொஞ்ச நாளில் அந்தப் பால்கனி வீடு காலியானது. கிளம்பும்போது அவள் கதவைத் தட்டினேன். பூட்டியிருந்தது.

"யாரத் தேடுற?" என்றார் கணவர்.

அவள் பெயர் எனக்குத் தெரியாது. "பக்கத்து ரூம்காரவுகள."

"வேலைக்குப் போயிருப்பாக. வா, வண்டி நிக்கிது."

புது வீட்டில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. சாமான்களை இறக்கிவைத்துவிட்டுக் கணவர் வேலைக்குப் போனார். அவர் திரும்பும்வரை, எதிரே வந்து ஒதுங்கிப்போகக்கூட யாருமில்லை.