சூடேறினால் நிற்கும் புல்லட்

பிள்ளையார்பாளையத்தில் புல்லட் மெக்கானிக் சின்னப்பையன் பட்டறை எது என்று கேட்டால் கைகாட்டத் தெரியாதவர்கள் கிடையாது. பாயின்ட் வைத்த பழைய வண்டியைத்தான் தொடுவார். பொத்தானை அழுத்தினால் கிளம்புகிற புது வண்டியோடு போனால், "இதுக்கு கம்ப்யூட்டர் படிச்சவன் வேணும், போயிட்டு வாப்பா" என்று அனுப்பிவிடுவார். என்ஜின் மூடிக்கு அடியில் வைக்கிற கேஸ்கெட்டைக் கடையில் வாங்குவதில்லை. அடுத்த தெருவில் ஜக்கார்டு தறிக்கு அட்டை குத்துகிறவர்களிடம் குத்தாத அட்டையாகக் கேட்டு வாங்கி, எண்ணெயில் ஊறப்போட்டுக் கத்தரியால் வெட்டிக்கொள்வார். புடவையில் அன்னமும் மயிலும் விழவேண்டிய அட்டை இவர் கையில் பட்டு எண்ணெய் ஒழுகாமல் காவல் காக்கும். வேலையில் ஏமாற்று கிடையாது என்று ஊரே சொல்லும். மனசில் மறதியும் கிடையாது என்பது அவர் மனைவி மேரிக்கு மட்டும் தெரியும்.

மறக்காத விஷயம் நடந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. அவருக்குச் சொந்த ஊர் திருமுக்கூடல் பக்கத்தில் ஒரு காலனி. இருபத்து நாலு வயதில், காயலான் கடையில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு புல்லட்டை எடைக்கு வாங்கி, ஒன்றரை வருஷம் தட்டிக் கொட்டி உயிர் கொடுத்தார். கல்யாணமாகிப் பதினைந்தாம் நாள், மேரியைப் பின்னால் உட்காரவைத்து ஆற்றங்கரைக்குப் போய்விட்டு ஊர்த்தெரு வழியாகத் திரும்பினார். தெருமுனையில் ராமலிங்கம் கையைக் குறுக்கே நீட்டினான். நிலம் நீச்சும் ஆள்பலமும் உள்ள வீட்டுப் பிள்ளை.

"எங்க தெருவுல ஒனக்கு புல்லட் சவாரி கேக்குதா? எறங்குடா. எறங்கித் தள்ளிக்கினு போ."

சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். சின்னப்பையன் இறங்கினார். நன்றாக ஓடுகிற வண்டியை அணைத்துவிட்டுத் தெருக்கோடி மட்டும் தள்ளினார். மேரி தலையைக் குனிந்துகொண்டு பின்னால் நடந்தாள். வாசலுக்கு வாசல் நின்று சிரித்தார்கள். அடுத்த வாரம் வண்டியை விற்றுவிட்டு இரண்டு பேரும் காஞ்சிபுரத்துக்கு வந்துவிட்டார்கள். அன்றைக்கு மேரி கேட்ட சிரிப்பு இன்னும் அவர் காதில் இருந்தது. அந்த ஆளைத் தள்ளவைக்காமல் கட்டை வேகாது என்று கறுவிக்கொண்டே அவர் ஐம்பதைத் தாண்டினார்.

போன மாசம் அந்த ராமலிங்கமே பட்டறை வாசலில் வந்து நின்றான். நரைத்திருந்தான், தொப்பை போட்டிருந்தான். வெள்ளை வேட்டியின் கரையெல்லாம் எண்ணெய். சின்னப்பையனை அவனுக்குக் கொஞ்சமும் அடையாளம் தெரியவில்லை.

"மேஸ்திரி, எங்கப்பா காலத்து வண்டி. நாலு பேர் கை வெச்சுட்டாங்க, ஆயில் நிக்க மாட்டேங்குது. கிக்கர் உதைச்சா காலைத் திருப்பி அடிக்குது. நீங்கதான் பாக்கணும்."

"வுட்டுட்டுப் போங்க. பாத்து வெக்கறேன்" என்றார் சின்னப்பையன். உள்ளே போய்ச் சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். தானாக வந்து தலையைக் கொடுக்கிறவனை என்ன செய்வது?

வேலையை வேலையாகத்தான் செய்தார். முன்னால் பார்த்தவர்கள் மூடிக்கு மூடி பசையை அப்பியிருந்தார்கள், அடைபட்டுக் கிடந்த மூச்சுக்குழாயை ஒருவனும் பார்க்கவில்லை. உள்ளே சேருகிற காற்றுக்குப் போக வழியில்லையென்றால் எண்ணெய் எங்கேயாவது பிதுங்கத்தான் செய்யும். குழாயைச் சுத்தம் செய்து, அட்டை கேஸ்கெட் போட்டு, இரண்டு நாள் வண்டிக்கடியில் வெள்ளைத்தாளை விரித்துவைத்தார். ஒரு சொட்டு விழவில்லை.

அடுத்தது டைமிங், அதாவது பிளக்கில் நெருப்பு விழுகிற நேரம். பிளக்கைக் கழற்றி, சைக்கிள் கம்பியை உள்ளே விட்டுப் பிஸ்டன் ஏறுவதைப் பார்த்தார். பாயின்ட் நடுவில் மெல்லிய தாளைச் செருகி இழுத்துப் பார்த்தார். தாள் எந்த இடத்தில் விடுபடுகிறதோ அங்கேதான் நெருப்பு விழும். ரொம்ப முன்னாலேயே விழுந்துகொண்டிருந்தது. அப்படியே விட்டால் என்றைக்காவது ஒருநாள் ராமலிங்கத்தின் கணுக்கால் முறியும். அந்த ஆசையும் வராமல் இல்லை. ஆனால் கால் முறிந்தவனை ஆப்பிள், ஆரஞ்சு வாங்கிக்கொண்டு நாலு பேர் பார்க்க வருவார்கள். வண்டி தள்ளுகிறவனை யார் பார்க்க வருவார்கள்? வேடிக்கைதான் பார்ப்பார்கள். டைமிங்கைச் சரியாக வைத்தார்.

பழைய டப்பாவில் செத்தும் சாகாமலும் ஒரு கண்டன்சர் இருந்தது. நெருப்பைச் சீராக விழவைக்கிற சின்ன டப்பி அது. ஆறியிருக்கும்போது சொன்னபடி கேட்கும். சூடேறினால் கையை விரிக்கும். ஆறினால் மறுபடி யோக்கியன். அதை மாட்டி உத்திரமேரூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். முப்பதாவது கிலோமீட்டரில் நின்றது. ராமலிங்கம் வீட்டுக்குப் போகிற வழியில் காலனி இருப்பதோ இருபத்தைந்தில். டைமிங்கை ஒரு மயிரிழை பின்னுக்குத் தள்ளினார், என்ஜின் சீக்கிரம் காய்ந்தது. அடுத்த இரண்டு தடவையும் இருபத்தைந்தை ஒட்டியே நின்றது. கோயிலுக்கு நேர்ந்துகொண்ட வேலையைக்கூட அவர் இத்தனை கவனமாகச் செய்ததில்லை.

"சாவியை நானே குடுக்கறேன். நீ முன்னாடி போய் நில்லு" என்றாள் மேரி. ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லி ராமலிங்கத்துக்குத் தகவல் போனது.

அன்றைக்குச் சின்னப்பையன் மொபெட்டை ஓட்டிக்கொண்டு முன்னதாகவே காலனிக்கு வந்துவிட்டார். அண்ணன் துரைக்கண்ணு வீடு ரோட்டு மேலேயே இருக்கிறது. சென்ட்ரிங் வேலை இல்லாத நாள், அண்ணன் லுங்கியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காலனியைத் தாண்டித்தான் ஊர்த்தெரு. பதினொன்றரைக்குப் புல்லட் சத்தம் கேட்டது. நாலு வீடு தள்ளி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. சின்னப்பையன் வாசலுக்கு வந்து நின்றார்.

அப்புறம் நடந்ததை அவர் கனவிலும் நினைத்துப் பார்க்கவில்லை. ராமலிங்கம் காலைத் தரையில் ஊன்றவில்லை, அதற்குள் அண்ணன் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடினார். எதிர்வீட்டு ஆனந்தராஜும் ஓடினான்.

"நீங்க ஒக்காருங்கய்யா. நாங்க தள்றோம்."

ராமலிங்கம் அரசனைப்போல உட்கார்ந்து ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டான். அண்ணன் குனிந்து சீட்டுக்குப் பின்னால் தோளைக் கொடுத்தார். பொட்டில் நரம்பு புடைத்தது. காஞ்சிபுரத்தில் உட்கார்ந்து அத்தனை கணக்குப் போட்ட சின்னப்பையன், வண்டி எந்த இடத்தில் நிற்கும் என்று பார்த்தாரே தவிர, சொந்தத் தெரு என்ன செய்யும் என்று பார்க்கவில்லை. தான் செய்த வேலையில் தன் அண்ணனே வதைபடுகிறார்.

பேசாமல் உள்ளே போய்விட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. மெக்கானிக் என்ற பேரும் பத்திரமாக இருக்கும். அவர் ரோட்டுக்கு வந்தார்.

"அண்ணே, கையை எடு."

ராமலிங்கம் திரும்பினான். "யாரு, மேஸ்திரியா? நல்ல நேரத்துல வந்தீங்க. இன்னா வேலை பண்ணீங்க, பாதியில நின்னுபோச்சே?"

"நிக்கணும்னுதான் பண்ணேன். சூடேறினா நிக்கிற மாதிரி கண்டன்சர் போட்டேன். ஊரெல்லாம் சொல்லிக்கோ." சின்னப்பையன் அண்ணன் பக்கத்தில் போய் நின்றார். "நான் இவரு தம்பி. கல்யாணமான புதுசுல என்னையும் எம்பொண்டாட்டியையும் ஒங்க தெருவுல எறக்கினே. இப்போ நீ எறங்கு."

ராமலிங்கம் அவர் முகத்தை வெறித்துப் பார்த்தான். இந்த முறை அடையாளம் தெரிந்துவிட்டது. "துரைக்கண்ணு, தள்ளு" என்றான் மெதுவாக.

துரைக்கண்ணு தம்பியைப் பார்த்தார், ராமலிங்கத்தைப் பார்த்தார். கையை எடுத்து லுங்கியில் துடைத்துக்கொண்டார். ஆனந்தராஜும் விலகினான்.

ராமலிங்கம் இறங்கினான். அத்தனை கனமான வண்டியை, மூச்சு இரைக்க, உச்சி வெயிலில் தள்ளிக்கொண்டு போனான். வாசல்களில் ஜனம் நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டும் என்று சின்னப்பையன் இத்தனை வருஷம் ஆசைப்பட்டிருந்தார். பாதிப் பேர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வண்டி வளைவில் மறைந்ததும் துரைக்கண்ணு கேட்டார்: "ஆத்திரம் தீந்துதாடா? நீ மொபெட்ல ஏறிப் போயிடுவே. எம்பொண்ணு அனு காலையில அவங்க தெரு வழியாத்தான் பஸ்ஸுக்குப் போவணும்."

சின்னப்பையன் மொபெட்டைத் தள்ளி அண்ணன் வீட்டுக்குள் நிறுத்தினார். வாசலில் ஒரு நாற்காலியை ரோட்டைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்து, மேரிக்குப் போன் செய்தார்.

"தள்ளினானா?" என்றாள் அவள்.

"தள்ளினான். நான் வரல. நாளைக்கு அனுவை நான்தான் பஸ்ஸுக்குக் கூட்டிக்கினு போவணும். ரெண்டு நாளைக்குத் துணி எடுத்துக்கினு வா."

போனில் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"எல்லாத் துணியும் எடுத்தாறேன்" என்றாள் மேரி.